இடப்பக்கம் உரிமம், வலப்பக்கம் நாங்கள்

"உலகத்துல இதை யாராவது உக்காந்து படிப்பாங்களா?"

ஐந்து வருடத்துக்கு முன்னால் என்னைப் பார்த்து இப்படிக் கேட்டவர், அத்தைக்கு எம்பிராய்டரி இயந்திரம் விற்ற நிறுவனத்தின் ஆள். கேள்வியை எனக்கும் சிரிப்பை அத்தைக்குமாகப் பங்கிட்டுக் கேட்டார். அத்தை சிரித்தாள். மூலையில் நூல் சுற்றிக்கொண்டிருந்த நூலக்கா, என்ன ஏது என்று தெரியாமலேயே அத்தையைப் பார்த்துச் சிரித்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எழுதிக்கொண்டிருந்ததைப் பாதியில் நிறுத்தி, திரையின் அடியில் இருந்த பொத்தானை அழுத்திவிட்டேன். அந்த அவசரத்துக்காகப் பின்னால் ஒருநாள் வருந்தப் போகிறேன் என்று அப்போது தெரியாது.

அவருடைய ஷூவில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம். அவர் படி இறங்குவதற்குள் நூலக்கா அவருக்குப் 'பளபளா' என்று பெயர் வைத்துவிட்டாள்.

அத்தை என் அப்பாவின் அக்கா. ரொட்டிக் கடைக்கு மேல் மாடியில் இருக்கும் நீளமான அறைதான் அவளுடைய பட்டறை. பள்ளிச் சட்டைப் பையில் தைக்கிற பேட்ஜ், காவலாளிகளின் தோள்பட்டைச் சின்னம், விளையாட்டுக் குழுக்களின் முத்திரை, இவைதான் எங்கள் வேலை. இருபது வருடம் துணியைக் கையால் வளைத்து வளைத்துத் தைத்தவள், ஐம்பதாவது வயதில் துணிந்து ஆறு ஊசி இயந்திரம் இரண்டு வாங்கினாள். கூடவே ஒரு கணினியும், வடிவம் வரைய ஒரு மென்பொருளும் வந்தன.

எனக்கு அப்போது பதினாறு வயது. பள்ளியிலிருந்து நின்று இரண்டு மாதம் ஆகியிருந்தது. வகுப்பில் வாயே திறக்காத பெண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. ஒருநாள் அலுவலக அறையில் ஒரு காகிதத்தை நீட்டி, இங்கே கையெழுத்துப் போடு என்றார்கள். போட்டேன். 'என் சொந்த விருப்பத்தின் பேரில் விலகிக்கொள்கிறேன்' என்று அதில் எழுதியிருந்தது வீட்டுக்கு வந்து நகலைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

அதனால்தான் புதுக் கணினித் திரையில் ஒரு பெட்டி நிறைய ஆங்கிலமும், அதன் அடியில் 'படித்தேன், ஒப்புக்கொள்கிறேன்' என்ற பொத்தானும் வந்தபோது எனக்குக் கை வரவில்லை.

"அழுத்துடி," என்றாள் அத்தை.

"நான் இன்னும் படிக்கலையே அத்தை."

"யாருதான் படிச்சா? எல்லாரும் அழுத்துறாங்க, நீயும் அழுத்து."

"எழுதி வெச்சுக்கிட்டு அழுத்துறேனே."

அத்தை என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். இரண்டு மாதமாக நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்ததுதான் அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். "நூல் பெட்டி வர வியாழக்கிழமை ஆகும். அதுவரைக்கும் மெஷின் சும்மாதானே நிக்கப்போகுது. எழுதட்டும் விடு," என்று நூலக்காவிடம் சொன்னாள்.

நான்கு நாள் எழுதினேன். ஒரு தடித்த நோட்டுப் புத்தகத்தின் இடப்பக்கங்களில் மட்டும். வலப்பக்கம் காலியாக இருந்தது மனதுக்குச் சங்கடமாக இருந்ததால், கை வலிக்கும்போதெல்லாம் அங்கே எதையாவது எழுதினேன். அறையில் யார் எப்படி இருக்கிறார்கள், யார் என்ன சொன்னார்கள் என்று. அத்தை மதியம் கண் அயரும்போது பூட்டு உடைந்த பெட்டி மாதிரி வாய் திறந்துகொள்ளும் என்று. நூலக்கா கடவுளுக்குப் பயப்படமாட்டாள், ஆனால் நூல் முடிச்சுக்குப் பயப்படுவாள் என்று. அந்தப் புத்தகம் இருப்பது எல்லோருக்கும் தெரியும்; வலப்பக்கம் இருப்பது யாருக்கும் தெரியாது.

இடப்பக்கத்தில் இருந்தவை இரண்டு உரிமங்கள், அதாவது மென்பொருளை யார் என்னென்ன செய்துகொள்ளலாம் என்கிற நிபந்தனைகள். ஒன்று நீளம், இருபத்தொரு பக்கம். இன்னொன்று குட்டை, அரைப் பக்கம். அவற்றுக்குப் பிறகு ஒரு பட்டியல்: மென்பொருளின் இந்தப் பாகத்துக்கு நீளமானது, இந்தப் பாகத்துக்குக் குட்டையானது என்று. அந்தப் பட்டியலின் பதினோராவது வரியை எழுதும்போதுதான் பளபளா வந்து நின்று, உலகத்தில் யாராவது படிப்பார்களா என்று கேட்டார். மிச்ச வரிகளை விட்டுவிட்டு அழுத்திவிட்டேன்.

பிறகு ஒரு அகராதியை வைத்துக்கொண்டு ஒரு வருடம் மெல்ல மெல்லப் படித்ததில் இவ்வளவு புரிந்தது. அந்த மென்பொருளை அந்த நிறுவனம் உண்டாக்கவில்லை. யார் யாரோ சேர்ந்து எழுதி எல்லோருக்கும் இலவசமாக விட்டதை எடுத்து, கொஞ்சம் மாற்றி, தன் பெயரைப் போட்டிருக்கிறது. அதில் தவறு ஒன்றும் இல்லை. எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் இரண்டு உரிமங்களும் சொல்கின்றன. வித்தியாசம் அதற்குப் பிறகு.

இதை ஒருமுறை நூலக்காவிடம் விளக்கப் பார்த்தேன். "குட்டையானது எப்படின்னா, ஒருத்தி உனக்கு சட்டை வெட்டுற பேட்டர்ன் கொடுத்துட்டு, 'என்னமோ பண்ணிக்கோ, என் பேரை மட்டும் அழிச்சிடாதே, தையல் பிரிஞ்சா என்னைக் கேக்காதே'ன்னு போயிடுறா. நீளமானது கொடுக்கிறவ, 'நீயும் வெச்சுக்கோ, மாத்திக்கோ. ஆனா உன்கிட்ட சட்டை வாங்கினவ வந்து பேட்டர்ன் கேட்டா, நீ மாத்தினதையும் சேர்த்துக் கொடுக்கணும். நான் உனக்கு மறைக்கலை, நீ அவளுக்கு மறைக்காதே'ங்கிறா."

நூலக்கா பல்லால் நூலை வெட்டினாள். "சட்டை போடுறவளுக்கு பேட்டர்ன் எதுக்குடி?"

"எப்பவாவது..."

"ஊசி ஓடுது, நூல் அறுபடலை. எனக்கு அவ்வளவுதான் வேணும். மேசைக்கால் ஆடுது பாரு, உன் நீளத்தையும் குட்டையையும் மடிச்சு அதுக்கு அடியில வை, வக்கீலம்மா."

அன்றிலிருந்து பட்டறையில் என் பெயர் வக்கீலம்மா. ஐந்து வருடம் நூலக்கா சொன்னதுதான் சரியாகவும் இருந்தது. ஊசி ஓடியது. உரிமம் மேசைக்காலுக்குக்கூடத் தேவைப்படவில்லை.

பள்ளி திறக்க மூன்று வாரம் இருந்த ஒரு சனிக்கிழமை, மென்பொருள் தானாகவே ஒரு பெட்டியைக் காட்டியது. புதிய பதிப்பு வந்திருக்கிறது, சரியா என்று கேட்டது. நான் துணி வாங்கப் போயிருந்தேன். அத்தை சரி என்று அழுத்தினாள்.

திங்கட்கிழமை காலையில் எந்த வடிவமும் திறக்கவில்லை. எதைத் தொட்டாலும் சாம்பல் நிறத்தில் ஒரே செய்தி: இந்தக் கோப்பைத் திறக்க ஆண்டுச் சந்தா தேவை.

முந்நூற்றுப் பன்னிரண்டு வடிவங்கள். எல்லாம் அத்தை மவுஸைப் பிடித்து வரைந்தவை. முதல் வடிவம் ஒரு பள்ளியின் படகு, ஏழு துடுப்பு. அதற்கு ஒன்பது நாள் ஆனது. திரையில் நேராக இருக்கும் படகு துணியில் சாய்ந்து கவிழப் பார்த்தது. துணி எந்தப் பக்கம் இழுக்கும் என்று பார்த்து, ஒவ்வொரு தையலாக எதிர்ப்பக்கம் நகர்த்தி நகர்த்தி அதை நிமிர்த்தினாள். மணிக்கட்டில் பட்டை கட்டிக்கொண்டு நிமிர்த்தினாள். அந்த நகர்த்தல்கள் எல்லாம் அந்தக் கோப்புகளுக்குள்தான் இருந்தன. மூன்று வாரத்தில் பதினோரு பள்ளிகளுக்குப் பேட்ஜ் போயாக வேண்டும்.

அத்தை போன் செய்த ஒரு மணி நேரத்தில் பளபளா வந்துவிட்டார். ரொட்டிக் கடை வாசலில் ஏற்கெனவே காத்திருந்தாரோ என்று நூலக்கா முணுமுணுத்தாள்.

"சந்தா கட்டலாம்மா, கட்டினா திறக்கும். இல்லைன்னா இன்னொரு நல்ல வழி இருக்கு," என்று கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். "உங்க வடிவம் எல்லாத்தையும் எங்க கம்பெனிகிட்ட ஒப்படைச்சிடுங்க. எங்ககிட்ட நாப்பது மெஷின் ஓடுது. பள்ளிக்கூடத்துக்காரங்க உங்ககிட்டயே ஆர்டர் கொடுக்கட்டும், நாங்க தைச்சு அனுப்புறோம், நீங்க கொண்டுபோய்க் கொடுங்க. உங்களுக்கும் வயசாகுது, கை வலி வேற."

"அப்ப இந்த மெஷின்?"

"நாங்களே திருப்பி எடுத்துக்குவோம்."

"இதுங்க?" என்று அத்தை என்னையும் நூலக்காவையும் காட்டினாள்.

"பெட்டி கட்ட ஆள் வேணுமில்ல?" என்று சிரித்தார். "வெள்ளிக்கிழமை வர்றேம்மா. கையெழுத்து மட்டும் போட்டு வைங்க. பழைய வடிவம் எங்க ப்ரோக்ராமை விட்டா வேற எதுலயும் திறக்காது, அது உங்களுக்கே தெரியும்."

 அவர் போன பிறகு அத்தை, ஏற்கெனவே சுத்தமாக இருந்த இயந்திரத்தைத் துடைத்தாள். ஊசி ஊசியாகத் துடைத்தாள். பிறகு அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்து, பேனா எங்கே என்று தேடினாள்.

"அத்தை, படிச்சிட்டுப் போடு," என்றேன்.

"படிச்சா மட்டும் என்ன மாறிடப்போகுது கண்ணு?"

"வெள்ளிக்கிழமை வரைக்கும் போடாதே. அவ்வளவுதான் கேக்குறேன்."

நான் அவ்வளவு நீளமாகப் பேசியதில் அவளுக்கே ஆச்சரியம். பேனாவைக் காதில் செருகிக்கொண்டாள்.

ரொட்டிக் கடைக்குப் பக்கத்தில் கணினி பழுது பார்க்கிற கடை வைத்திருப்பவளை எல்லோரும் ஸ்க்ரூ அக்கா என்பார்கள். அவளிடம் போய் நின்றேன். வழக்கம்போல வார்த்தை வரவில்லை. அவளுக்கு வழக்கம் தெரியும் என்பதால் ஒரு மடிக்கணினியின் வயிற்றைத் திறந்துகொண்டே காத்திருந்தாள். ஒருவழியாகச் சொல்லி முடித்தேன்.

"பழைய பதிப்பு வெச்சிருக்கீங்களா?"

"இல்லை. புதுசு வந்து அதை அழிச்சிடுச்சு. அது இருந்த சி.டி.யையும் பளபளாவே எடுத்துட்டுப் போயிட்டாரு."

"அதோட லைசென்ஸ் என்னன்னு தெரிஞ்சா ஏதாவது பண்ணலாம். புதுசுல அதெல்லாம் எடுத்துட்டு கம்பெனி ஒப்பந்தம் மட்டும் போட்டிருப்பான். யாரு அதையெல்லாம் ஞாபகம் வெச்சிருக்கப் போறா."

"எழுதி வெச்சிருக்கேன்," என்றேன்.

"எதை?"

"முழுசும். கிட்டத்தட்ட."

ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டாள்.

வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தை எடுக்கும்போதுதான் உறைத்தது. இடப்பக்கத்தைக் காட்டினால் வலப்பக்கமும் சேர்ந்துதான் திறக்கும். கிழிக்கவும் முடியாது, ஒரு தாளின் வலப்பக்கத்துக்குப் பின்னால் இருப்பது அடுத்த இடப்பக்கம். புதுச் சட்டையின் மடிப்புக்குள் வைக்கிற அட்டை ஒன்றை எடுத்துக்கொண்டேன். கடையில் உட்கார்ந்து, வலப்பக்கத்தை அட்டையால் மூடி, அவள் படிக்கப் படிக்கப் பக்கத்தையும் அட்டையையும் சேர்த்துத் திருப்பினேன். ஆறு பக்கம் நன்றாகத்தான் போனது. ஏழாவது பக்கத்தில் அவள் எழுந்து மின்விசிறியைப் போட்டாள். அட்டை பறந்து தெருவுக்குப் போனது.

நான் கையை வைத்து மறைப்பதற்குள் அவள் கண் ஓடிவிட்டது. "'ஸ்க்ரூ அக்கா பேசும்போது எதிரில் இருப்பவரையும் கழற்றிப் பார்க்கலாமா என்பது போலப் பார்ப்பாள்'," என்று சத்தமாகப் படித்தாள்.

பூமி பிளந்தால் இறங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

"தப்பில்லையே," என்றாள். "நிறைய பேரை அப்படித்தான் பாக்குறேன்." பிறகு அவளே ஒரு பழைய விசைப்பலகையை எடுத்து வலப்பக்கத்தின் மேல் வைத்தாள். "இனிமே பாக்க மாட்டேன். மேல படி."

நீளமானதைப் படித்து முடித்ததும் அவள் முகம் மலர்ந்தது. "பொண்ணே, இது மட்டும் உங்க வடிவத்தைத் திறக்கிற பாகத்துக்கு இருந்துச்சுன்னா, அந்தப் பாகத்தோட சோர்ஸ் கோடை, அதான் அதை எழுதின மூலநிரலை, கொடுன்னு கேக்க உங்க அத்தைக்கு உரிமை இருக்கு. கொடுத்துத்தான் ஆகணும். பூட்டு எங்க மாட்டியிருக்கான்னு அதுல தெரிஞ்சிடும். கழட்டிக்கலாம்னும் இதுலயே எழுதியிருக்கு."

"குட்டையானது இருந்தா?"

"அப்ப கேக்க வழியில்லை. அவன் இஷ்டம்."

இரண்டு பேரும் பட்டியலுக்குப் போனோம். திரை, எழுத்துரு, நிறப்பலகை, அச்சு என்று ஒவ்வொன்றாக விரல் வைத்து இறங்கினோம். பதினோராவது வரியோடு நின்றுபோயிருந்தது. சேமித்த வடிவத்தைத் திறக்கும் பாகம் அதில் இல்லை.

"மிச்சம்?"

"பளபளா கேள்வி கேட்டாரு," என்றேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

இருபத்தொரு பக்கத்துக்கு மேல் எழுதியவள் எட்டோ பத்தோ வரிக்காக இப்படி ஆனதே என்று என்னையே நொந்துகொண்டேன். ஸ்க்ரூ அக்கா திட்டவில்லை. "தெரியாமலே கேட்டுப் பாப்போம். பட்டியலையும் சேர்த்துக் கேப்போம். கேக்குறதுக்குக் காசா பணமா?"

கடிதத்தை நான் எழுதினேன். ஆங்கிலம் எனக்கு அந்த உரிமத்தின் ஆங்கிலம் மட்டும்தான் தெரியும். கடிதத்துக்கு அதுவே போதுமாக இருந்தது. கையெழுத்து அத்தையுடையது வேண்டும், இயந்திரம் வாங்கியவள் அவள்தான். செவ்வாய்க்கிழமை காலை வரிவரியாக அவளுக்கு அர்த்தம் சொன்னேன். நடுவில், "சரி சரி, கொடு, போடுறேன்," என்றாள். முழுக்கச் சொல்லி முடிக்கும்வரை பேனாவைக் கொடுக்கவில்லை.

"இவ யாருக்குப் பொறந்தான்னே தெரியலை," என்றாள் நூலக்காவிடம். "என் தம்பி கல்யாணப் பத்திரத்தையே படிக்காம கையெழுத்துப் போட்டவன்."

கையெழுத்திட்டதைப் படமெடுத்து நிறுவனத்தின் முகவரிக்கு மின்னஞ்சலில் அனுப்பினோம். செவ்வாய் போனது. புதன் போனது. இயந்திரம் இரண்டும் துணி போர்த்தி நின்றன. நூலக்கா எல்லா நூல்கண்டையும் நிறவாரியாக அடுக்கி, கலைத்து, மறுபடி அடுக்கினாள். யாரும் யாரையும் கேலி செய்யவில்லை என்பதுதான் அந்த இரண்டு நாளில் எனக்கு அதிகப் பயத்தைக் கொடுத்தது. அத்தை படகுப் பேட்ஜ் ஒன்றை மடியில் வைத்துப் பின்பக்கம் திருப்பித் தையலை எண்ணிக்கொண்டிருந்தாள். மறுபடி முதலிலிருந்து வரைய எத்தனை நாள் ஆகும் என்று பார்க்கிறாள் என்று புரிந்தது. பதினோரு பள்ளி, மூன்று வாரம். ஆகாது.

வியாழக்கிழமை மதியம் ஸ்க்ரூ அக்கா படியை இரண்டு இரண்டாகத் தாண்டி வந்தாள்.  போனை என் கையில் திணித்தாள்.

எங்கள் கடிதத்துக்குப் பதில் வந்திருந்தது; பளபளா அனுப்பியதல்ல. நிறுவனத்துக்குள் மென்பொருள் வேலை பார்க்கிற யாரோ அனுப்பியது. பெயருக்குப் பதில் முதலெழுத்து மட்டும் இருந்தது. 'நீங்கள் கேட்ட மூலநிரல் இணைப்பில் உள்ளது. முழுப் பட்டியலும் உள்ளது. இந்த வேலைக்கு வந்து எட்டு வருடம் ஆகிறது. இதைக் கேட்டு வந்த முதல் கடிதம் உங்களுடையது.'

பட்டியலைத் திறந்தேன். பத்தொன்பது வரி. பதினான்காவது வரி: சேமித்த வடிவத்தைத் திறக்கும் பாகம். அதற்கு எதிரில், நீளமானது.

"நீளமானதா குட்டையானதா, சொல்லித் தொலையேண்டி!" என்று கத்தினாள் நூலக்கா. ஐந்து வருடத்தில் அவள் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"நீளமானது."

அத்தை நாற்காலியில் உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ரொட்டிக்கடைப் புகை மேல வருது," என்றாள். அன்றைக்கு ரொட்டிக் கடைக்கு விடுமுறை.

ஸ்க்ரூ அக்கா அன்று மதியம் முழுக்க எங்கள் கணினி முன்னால் உட்கார்ந்தாள். மூலநிரல் என்பது வரி வரியாக எழுதிய ஒன்றுதான். நோட்டுப் புத்தகம் மாதிரியே இருந்தது. சந்தா கேட்கிற இடத்தைக் கண்டுபிடித்து அந்த ஆறு வரியை எடுத்துவிட்டு, மறுபடி மென்பொருளாக உண்டாக்கினாள். படகு திரையில் வந்தது. ஏழு துடுப்பும் இருந்தன. அத்தை எழுந்து போய்த் திரையைத் தொட்டுப் பார்த்தாள்.

"மெஷினுக்கு அனுப்பு," என்றாள்.

அங்கேதான் ஒரு சிக்கல் வந்தது. வடிவத்தை இயந்திரத்துக்குப் புரிகிற மாதிரி மாற்றி அனுப்பும் பாகம் பட்டியலில் பதினேழாவது வரி. அது குட்டையானது. அதை நிறுவனம் அனுப்பவில்லை. அனுப்ப வேண்டிய கட்டாயமும் இல்லை. வெளியில் எல்லோருக்கும் பொதுவாகக் கிடைக்கும் அதன் பழைய பதிப்பை ஸ்க்ரூ அக்கா தேடி எடுத்துச் சேர்த்தாள். அதில் தையல் சரியாகப் போனது, ஆனால் அடுத்து எந்த நிறம் என்ற தகவல் போகவில்லை. அந்த வசதி நிறுவனம் தானாகச் செய்துகொண்ட மாற்றம். இயந்திரம் எந்த நிறத்துக்கு எந்த ஊசி என்று தெரியாமல், ஒவ்வொரு நிறம் முடிந்ததும் நின்று விழித்தது.

"இதுதான் உன் நீளத்துக்கும் குட்டைக்கும் வித்தியாசமா?" என்றாள் நூலக்கா.

"ஆமா."

"தள்ளு." முக்காலியை இயந்திரத்தின் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "படகா? முதல்ல கருநீலம், அப்புறம் வெள்ளை, பழுப்பு, மறுபடி வெள்ளை, கடைசில மஞ்சள். நிக்கட்டும், நான் மாத்துறேன். முந்நூத்திப் பன்னிரண்டுக்கும் நிறம் எனக்கு மனப்பாடம். அஞ்சு வருஷமா நூல் கோக்குறவளுக்கு கம்ப்யூட்டர் வந்து சொல்லணுமா?"

கருநீலத்தில் ஊசி இறங்கியது. அந்தச் சத்தம் நின்று நான்கு நாள்தான் ஆகியிருந்தது. என்றாலும் அது கேட்டதும் அறையே மூச்சு விட்ட மாதிரி இருந்தது. பன்னிரண்டு நிமிடத்தில் படகு வந்தது. அத்தை அதை வெளிச்சத்தில் பிடித்துச் சாய்வு பார்த்தாள். நேராக நின்றது.

"நூலு, ஒரு துடுப்பு கொஞ்சம் கறுத்திருக்கே?"

"உன் கண்ணு கறுத்திருக்கு. கண்ணாடியைத் துடை."

கேலி திரும்பிவிட்டது. நான் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஸ்க்ரூ அக்கா தன் கடையிலிருந்து பழைய கணினி ஒன்றைத் தூக்கிவந்தாள். "ஒண்ணு படுத்தா இன்னொண்ணு இருக்கட்டும்," என்று அதிலும் மென்பொருளை ஏற்றத் தொடங்கிவிட்டுக் கீழே போனாள். அவள் உண்டாக்கியதில் பழைய உரிமங்களையும் முழுப் பட்டியலையும் அப்படியே மறுபடி சேர்த்திருந்தாள். சேர்க்காமல் இருக்கக் கூடாது என்று உரிமமே சொல்கிறதாம். அதனால் ஐந்து வருடத்துக்கு முந்தைய அதே பெட்டி திரையில் வந்து நின்றது. அதே பொத்தான். நான் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, பதினோராவது வரிக்குக் கீழே பன்னிரண்டாவதை எழுத ஆரம்பித்தேன்.

பதினைந்தாவது வரியில் படியில் ஷூ சத்தம் கேட்டது.

பளபளா கதவைத் திறந்து உள்ளே காலை வைத்தவர் அப்படியே நின்றார். இரண்டு இயந்திரமும் ஓடிக்கொண்டிருந்தன. நூலக்கா இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து, தாளம் போடுகிறவள் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நூல் மாற்றிக்கொண்டிருந்தாள். மேசையில் முடித்த பேட்ஜ்கள் அடுக்காக இருந்தன.

"வாங்க தம்பி, உக்காருங்க," என்றாள் அத்தை. "டீ சொல்லட்டுமா?"

"எப்படி ஓடுது? சந்தா கட்டினீங்களா?"

"இல்லையே."

"அப்ப எப்படித் திறந்துச்சு? யாரு திறந்து கொடுத்தாங்க? அம்மா, இது எங்க ப்ரோக்ராம். வெளியாள் கைவெச்சா சட்டப்படி..."

"சட்டம் எனக்கு என்னப்பா தெரியும்," என்று அத்தை ஒரு பேட்ஜின் பிசிறை வெட்டினாள். "அதோ உக்காந்திருக்கா பாருங்க எங்க வக்கீலம்மா. அவகிட்ட கேளுங்க."

அவர் என் பக்கம் திரும்பினார். என் கையையும் புத்தகத்தையும் திரையையும் பார்த்தார். ஐந்து வருடத்துக்கு முன்னால் பார்த்தது ஞாபகம் வந்ததா என்று தெரியவில்லை. என் காது அன்றைக்கு மாதிரியே சுட்டது. ஆனால் பொத்தானை அழுத்தவில்லை. எழுந்து நாற்காலியை அவர் பக்கம் தள்ளினேன். வலப்பக்கம் தெரியாதபடி புத்தகத்தை மூடி மார்போடு வைத்துக்கொண்டு, திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

"இதுலதான் இருக்கு. படிங்க," என்றேன்.

அவர் உட்கார்ந்தார். முதலில் மேலோட்டமாகப் பார்ப்பவர் மாதிரி மவுஸை வேகமாக உருட்டினார். பிறகு எங்கோ நின்று, மறுபடி மேலே போனார். அதன் பிறகு வேகம் குறைந்துவிட்டது. ஒவ்வொரு வரியாக உதடு அசையப் படித்தார். நூலக்கா மூன்று நிறம் மாற்றினாள். அத்தை டீ வரவழைத்து அவர் பக்கத்தில் வைத்தாள், ஆடை படிந்தது. பட்டியலுக்கு வந்தபோது திரையில் விரல் வைத்து இறங்கினார். பதினான்காவது வரியில் விரல் நின்றது.

மேசையின் ஓரத்தில் அவர் திங்கட்கிழமை விட்டுப்போன தாள், கையெழுத்துப் போடும் இடம் காலியாக அப்படியே கிடந்தது. அதை எடுத்து நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நாற்காலியைச் சத்தம் வராமல் பின்னால் தள்ளினார். கதவைத் திறந்து, படி இறங்கிப் போனார்.